போய் வந்த ஆண்டு யார் கணக்கில்?



பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் தாமலுக்குப் போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, பாலுச்செட்டிச்சத்திரம் தாண்டினால் தாமல். ஏரியில் தண்ணீர் இருந்தது. தாமல் ஏரியில் தண்ணீர் இருக்கிற வருஷம் ஊர்க்காரர்கள் பேசுகிற குரலே வேறு மாதிரி இருக்கும். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்ற கதைக்கு வருவார்கள்.

நான் போனது ஒரு நெசவு வீட்டுக்கு. நம் இதழை நெடுநாளாக வாங்குகிற குடும்பம். அங்கே இத்தாலியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள், வயது பதினேழு. ஒரு மாணவர் பரிமாற்ற அமைப்பின் வழியாக ஓர் ஆண்டு நம் நாட்டில் படிக்க வந்தவள். சென்னையில் ஒரு குடும்பத்தோடு தங்கி அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். அந்தக் குடும்பத்தின் பாட்டி வீடு தாமல் என்பதால் பொங்கலுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவளுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் 'போதும்', 'இன்னும் கொஞ்சம்' இரண்டையும் சரியான இடத்தில் சொல்லத் தெரிந்திருந்தது. விருந்தாளிக்கு வேறென்ன வேண்டும்?

தறிக்குழியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோர்வை நாடா வாங்குகிற இடத்தில் அவர் மனைவி. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓடுகிற வேலை அது. ஒருவரால் ஆகாது. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் கோர்வை. அந்தப் பெண் அரை மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, தானும் உட்காரலாமா என்று கேட்டாள். உட்கார்ந்தாள். நான்கைந்து முறை நாடாவைத் தவறவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் காலை எடுத்து, இழையைச் சரிசெய்து, மறுபடி தொடங்கினார். பட்டில் நேரம் என்றால் காசு. அவர் அன்றைக்கு அந்தக் காசைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறவள். வந்த பெண்ணைச் சிறிது நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊர், பெயர், சாப்பாடு எதையும் கேட்காமல் நேராக இதைக் கேட்டாள்:

"அக்கா, ஒரு வருஷம் இங்க இருந்துட்டா, அங்க உங்க கிளாஸ் போயிடுமே. திரும்ப அதே கிளாஸ்ல உக்காரணுமா?"

கூட வந்திருந்த சென்னைக் குடும்பத்துப் பெண் மொழிபெயர்த்தாள். இத்தாலிப் பெண், "இல்லை, போனதும் அடுத்த வகுப்பில் சேர்ந்துவிடலாம். நான் இங்கே படித்ததைப் பள்ளி கணக்கில் எடுத்துக்கொள்ளும். விட்டுப்போன முக்கியமான பாடங்களில் மட்டும் என்னைச் சோதிப்பார்கள்" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் நம்பவில்லை. "சும்மாவே எடுத்துக்குவாங்களா?" என்றாள்.

சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

ரோம் நகரத்தில் சோஃபியா கொர்ராடி என்று ஒரு பெண். சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சட்டத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கிக்கொண்டு 1958இல் ஊர் திரும்பினார். அந்தப் பட்டத்தைக் கணக்கில் சேர்க்கக் கேட்டபோது, முடியாது என்று மறுத்துவிட்டார்கள். ஊர் சுற்றிவிட்டு வந்தவளாக நினைத்து எல்லார் முன்னிலையிலும் பேசினார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த அவமானத்தை அவர் விழுங்கிவிட்டுப் போகவில்லை. 1969இல் ஒரு திட்டக் குறிப்பு எழுதி, வெளிநாட்டில் படித்த காலத்தை உள்நாட்டுப் படிப்பின் பகுதியாக ஏற்க வேண்டும் என்று பல்கலைக்கழகத் தலைவர்களிடமும் அமைச்சகத்திடமும் நடையாய் நடந்தார். மாணவர்கள் தங்கள் படிப்பில் ஒரு பகுதியை வேறொரு நாட்டில் படிக்க வழிசெய்யும் ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் வந்தது 1987 ஜூனில். ஒரு பெண்ணின் மனம் புண்பட்ட நாளுக்கும் அந்தத் திட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். அவரை 'எராஸ்மஸின் தாய்' என்றே அங்கே அழைக்கிறார்கள். 2025 அக்டோபரில் தொண்ணூறைக் கடந்த வயதில் காலமானார்.

அவர் ஒருவரால் மட்டும் அது நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1986இல் எராஸ்மஸ் திட்டம் மேசைக்கு வந்தபோது பெரிய நாடுகள் பணத்தைக் காட்டிப் பின்வாங்கின. திட்டம் முடங்கிக் கிடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1985இல், ஃபிராங்க் பியாங்கேரி என்ற பிரெஞ்சு மாணவர் பாரீஸில் பல நாட்டு மாணவர்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். இன்று AEGEE என்ற பெயரில் ஐரோப்பாவெங்கும் இருப்பது அதுதான். அந்த மாணவர்கள் பிரெஞ்சு அதிபர் மித்தராங்கைச் சந்தித்து, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டபடி, இந்தத் திட்டத்தைக் கைவிடாதீர்கள் என்று கேட்டார்கள். இருபது வயதுக்காரர்கள் கேட்டார்கள், அதிபர் காது கொடுத்தார், திட்டம் உயிர்பெற்றது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இன்றுவரை போய் வந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல்.

இப்படிப் போய்க் கேட்பதற்கு அங்கே 'லாபி' என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்கு முகம் சுளிக்கும். பெரிய கம்பெனிக்காரர்கள் மூடிய கதவுக்குப் பின்னால் செய்கிற காரியம் என்றுதான் நினைப்போம். நம் மொழியில் இதற்கு இரண்டு சொல் உண்டு, இரண்டும் வேறு வேறு. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இடம் வாங்கித் தரச் சொல்லி ஒருவரைப் பிடித்தால் அது சிபாரிசு. வாய் திறந்து கேட்க முடியாத ஒருவருக்காக, அவரைப்போல இன்னும் வரப்போகிற எல்லாருக்குமாக, எழுதிக் கையெழுத்திட்டுப் பகிரங்கமாகக் கேட்டால் அது வக்காலத்து. பரிமாற்ற அமைப்புகள் செய்வது இரண்டாவது. பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தையும் ஆணையத்தையும் அணுகிப் பேசுகிற அமைப்புகளுக்கென்று 2011 முதல் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. யார், எந்த விஷயத்துக்காக, எவ்வளவு செலவில் பேசுகிறார்கள் என்று எவரும் எடுத்துப் பார்க்கலாம்.

இந்த அமைப்புகள் பிறந்த விதமும் அறிய வேண்டியது. ஏஎஃப்எஸ் என்று இப்போது உலகெங்கும் தெரிகிற அமைப்பு 1915இல் பிரான்ஸில் போர்க்களத்தில் காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் குழு. இரண்டாம் உலகப் போரிலும் ஓட்டினார்கள், நம் இந்திய பர்மா எல்லை வரைக்கும் வந்தார்கள். போர் முடிந்ததும், இனி காயம்பட்டவனைத் தூக்குவதைவிடக் காயமே படாமல் பார்க்க வேண்டும் என்று யோசித்து, 1947இல் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பிக் குடும்பங்களில் தங்க வைக்கத் தொடங்கினார்கள். வொய்எஃப்யு என்ற இன்னோர் அமைப்பு 1951இல் 75 ஜெர்மன் பிள்ளைகளை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வீடுகளுக்கு அழைத்ததில் தொடங்கியது. ஆறு ஆண்டுகளுக்கு முன்புவரை எதிரி நாட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்ட அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நெகிழும்.

சோறு போடுவதோடு வேலை முடியவில்லை என்பது அவர்களுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. பிள்ளை போகிறான், வருகிறான். வந்ததும் பள்ளி, "ஓர் ஆண்டு எங்கே போயிருந்தாய்?" என்கிறது. விசா அலுவலகம், "நீ மாணவனா, சுற்றுலாப் பயணியா, எந்தக் கட்டத்தில் உன்னைப் போடுவது?" என்கிறது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை விண்ணப்பமே வாங்குவதில்லை. இதையெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் தனித்தனியே கெஞ்சித் தீர்க்க முடியாது, சட்டத்தில் எழுதி வாங்க வேண்டும். ஐரோப்பாவின் ஏஎஃப்எஸ் அமைப்புகள் 1971இல் ஏற்படுத்திய கூட்டமைப்பு பிரஸ்ஸல்ஸில் இருந்துகொண்டு இந்த வேலையையும் செய்கிறது. வொய்எஃப்யுவுக்கும் அங்கே ஒரு கூட்டமைப்பு உண்டு. இவற்றின் பலம் தன்னார்வலர்கள்தான். ஒரு காலத்தில் தாமே போய் வந்தவர்கள், இப்போது ஆசிரியராகவும் நர்ஸாகவும் பேங்க் ஊழியராகவும் இருப்பவர்கள், வேலை நேரம் போக மீதி நேரத்தில் மனு எழுதுகிறார்கள், எம்.பி.க்களைப் பார்க்கிறார்கள்.

தாமலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் ஏஎஃப்எஸ்ஸின் கிளையாக 1955இல் தோன்றியது இந்தர்குல்தூரா. வெளிநாட்டில் கழித்த பள்ளி ஆண்டை என்ன செய்வது என்பதில் அங்கே பள்ளிக்குப் பள்ளி ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தலைமை ஆசிரியர் ஏற்பார், அடுத்த தெருவில் இருப்பவர் எல்லாப் பாடத்திலும் பரீட்சை எழுதச் சொல்வார். பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2013 ஏப்ரல் 10ஆம் தேதி கல்வி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வெளிநாட்டில் படித்த காலம் படிப்பின் அங்கம், பள்ளி அந்த அனுபவத்தை மதித்து அடிப்படையான பாடங்களை மட்டும் சோதித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். சில பக்கத்துச் சுற்றறிக்கை. தாமல் தறிவீட்டில் அந்தப் பெண் கவலையில்லாமல் நாடாவைத் தவறவிட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்தத் தாள்தான்.

ஐரோப்பிய அளவில் அதே பேச்சு 2018 நவம்பர் 26ஆம் தேதி ஒரு பரிந்துரையாக வந்தது. உறுப்பு நாடுகள் ஒன்றின் மேல்நிலைப் படிப்பையும் வெளிநாட்டில் கற்ற காலத்தையும் மற்றொன்று தானாகவே ஏற்கும் வழிக்கு வர வேண்டும் என்று அமைச்சர்களின் மன்றம் ஒப்புக்கொண்டது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. நாட்டுக்கு நாடு இன்னும் மேடு பள்ளம் உண்டு.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவும் இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து, அதாவது நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து, அங்கே படிக்கப் போகும் பள்ளிப் பிள்ளைகளின் விசா விஷயம் அப்படி ஒன்று. 2013இல் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த வரைவில், கல்லூரி மாணவர்களைப் போலவே பள்ளிப் பரிமாற்ற மாணவர்களுக்கும் தெளிவான, எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிகள் கட்டாயமாக இருந்தன. பரிமாற்ற அமைப்புகள் அதற்காக உழைத்தன. 2016 மே மாதம் சட்டம் நிறைவேறியபோது கல்லூரி மாணவர்களும் ஆய்வாளர்களும் உள்ளே இருந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் 'நாடுகள் விரும்பினால்' என்ற வரிக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். பெரும்பாலான நாடுகளில் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஓட்டு இல்லை. வேற்று நாட்டுப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அங்கே பேச ஒரு மாமன் மச்சான்கூட இல்லை. அவர்களுக்கு எழுதியிருந்த வரிதான் முதலில் நழுவியது. இதை நான் வெறுமனே செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. தாமலிலிருந்து ஒரு பெண் நாளைக்கு இத்தாலிக்குப் போவதாக இருந்தால், அவள் நிற்கப்போவது அந்த வரியின் முன்தான்.

நம் காஞ்சிக்கு இது புதிய கதையா? இல்லை. வெளியூர்ப் பிள்ளைகள் படிக்க வந்த ஊர் இது. காஞ்சியில் இருந்த கடிகை என்ற கல்விச்சாலைக்குப் பல்லவர் காலத்தில் அவ்வளவு பெயர். இன்றைய கர்நாடகத்திலிருந்து மயூரசர்மன் என்ற இளைஞன் தன் குருவான வீரசர்மனோடு கடிகையில் படிக்க வந்தான். வந்த இடத்தில் பல்லவனின் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. சிவமொக்கா மாவட்டத்தில் உள்ள தாளகுண்டா தூண் கல்வெட்டு இதைச் சொல்கிறது. என்ன தகராறு, யார் பக்கம் தவறு என்பதற்குள் கல்வெட்டு போகவில்லை. படிக்க வந்தவன் மனம் உடைந்தான், ஏட்டைக் கீழே வைத்தான், வாளை எடுத்தான். எல்லைக் காவலர்களை வென்று காட்டைப் பிடித்தான். கடைசியில் பல்லவரே அவனை அரசனாக ஏற்க வேண்டியதாயிற்று. கதம்ப அரசு பிறந்தது அப்படித்தான்.

வரலாற்று ஆசிரியர்கள் இதை ஓர் அரசின் தோற்றக் கதையாகப் படிப்பார்கள். நான் காஞ்சிக்காரன், எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. படிக்க வந்த பிள்ளைக்கு நம் ஊரில் ஒரு வம்பு வந்தது. கடிகை அவனுக்குப் பாடம் சொன்னது, சோறும் போட்டிருக்கும். அவனுக்காக அரண்மனைக்குப் போய், "இது படிக்க வந்த பிள்ளை, என்ன நடந்தது என்று விசாரியுங்கள்" என்று கேட்க ஓர் ஆள் இருந்ததாகக் கல்வெட்டில் இல்லை. அந்த ஓர் ஆள் இருந்திருந்தால் மயூரசர்மன் படித்து முடித்து ஊர் போயிருப்பான் என்றே நினைக்கிறேன்.

என் கதையும் ஒன்று இருக்கிறது. கல்லூரியில் நான் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தேசிய ஒருமைப்பாட்டு முகாமுக்கு என்னை அனுப்பினார்கள். பத்து நாள் முகாம், ரயில் போக வர நான்கு நாள். அங்கே ஒடிசாவிலிருந்து வந்த பையனோடு ஒரே அறையில் இருந்தேன். அவனுக்கு ஆங்கிலமும் வராது, எனக்கு இந்தியும் வராது. மண் சுமந்தோம், பாத்திரம் தேய்த்தோம், இரவில் அவன் பாட நான் தாளம் போட்டேன். ஊர் திரும்பினால், அந்தப் பதினான்கு நாளும் ஆப்சென்ட். வருகைப்பதிவு குறைந்ததற்கு அபராதம் கட்டி மன்னிப்புக் கடிதம் கொடுக்கச் சொன்னார்கள். அனுப்பியதும் அதே கல்லூரிதான். அப்பா தறிக்கூலியிலிருந்து அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். "நீ தப்பு எதுவும் செய்யலியே, அப்புறம் ஏன் மன்னிப்பு?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு முகாமுக்குப் பெயர் கொடுத்திருந்த இருவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் வருத்தம் என் அபராதத்தைவிட அதில்தான்.

நம் நாட்டில் இப்படிப் போய்வருகிற பிள்ளைகளுக்காக உழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. பெங்களூரில் பிறந்த எஸ்.என். சுப்பாராவை உங்களில் பலர் மேடையில் பார்த்திருப்பீர்கள், அரைக்கால் சட்டையும் கதர்ச் சட்டையுமாக. 'பாய்ஜி' என்பார்கள். தேசிய இளைஞர் திட்டம் என்ற அமைப்பின் வழியாக நாடெங்கும் முகாம்கள் நடத்தி, பல மாநிலப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து, இந்திய மொழிகள் பலவற்றிலும் பாட வைத்தவர். 1993இல் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு ஒரு நல்லிணக்க ரயிலையே நாடு முழுக்க ஓட வைத்தார். ஒரு தனி மனிதர் ரயில்வேயிடம் ரயில் வாங்குவது என்றால் எத்தனை படி ஏறியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 2021 அக்டோபரில் அவர் மறைந்தார்.

அவருக்கும் முன்னால், 1934இல் பீகார் பூகம்பத்தில் நொறுங்கிய கிராமங்களைக் கட்டித்தர ஸ்விட்சர்லாந்திலிருந்து பியேர் செரெசோல் வந்தார். 1920இல் பிரான்ஸின் வெர்டன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் இடிந்த கிராமம் ஒன்றை ஜெர்மானியரையும் சேர்த்துக்கொண்டு சீரமைக்க முதல் உழைப்பு முகாம் போட்டவர் அவர். அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் இளைஞர்களை நாடு விட்டு நாடு அனுப்புகிறது.

பிள்ளைகள் போய்வர நம் நாட்டில் ஏற்கெனவே என்ன உதவி இருக்கிறது என்று பார்க்க, ரயில்வே சலுகைப் பட்டியலை ஒரு நாள் பொறுமையாகப் படித்தேன். மாணவர் சொந்த ஊர் போய்வரப் பாதிக் கட்டணம் என்பது எல்லாருக்கும் தெரியும். கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கல்விச் சுற்றுலா போக இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு வரி இருந்தது. எத்தனை தலைமை ஆசிரியர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்? 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி மூத்த குடிமக்கள் சலுகை உட்படப் பலவற்றை நிறுத்தியபோதும் மாணவர்களுக்கானதை விட்டுவைத்தார்கள். இருக்கிற உரிமையைப் பயன்படுத்த ஆள் இல்லாவிட்டால் அந்த வரி அடுத்த முறை இருக்காது.

இன்னொரு குறையையும் மனம்விட்டுச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பரிமாற்றம் என்றால் நம் பக்கம் அது பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற, கட்டணம் கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. ஐரோப்பாவிலும் இந்தக் குறை இருந்தது, இன்னும் இருக்கிறது. அங்கே அந்த அமைப்புகள் செய்த நல்ல காரியம், தங்கள் கட்டணத்தில் உதவித்தொகை ஒதுக்கியதோடு நிற்காமல், அரசுப் பணத்தில் பள்ளிப் பிள்ளைகள் தனித்தனியே போய்ப் படிக்க வழி திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்ததுதான். சென்ற தசாப்தத்துக்கு முன்பே சோதனை முறையில் தொடங்கி, இன்று எராஸ்மஸ் பிளஸ் நிதியில் பள்ளி மாணவர்களும் போக முடிகிறது. நம் மாநிலப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. விமானத்தில் ஏறிய அந்தக் கூட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். அது தொடர வேண்டும், ஒரு வாரச் சுற்றுலா ஒரு மாதத் தங்கலாக வளர வேண்டும். காஞ்சிப் பிள்ளை கோஹிமாவிலும், கோஹிமாப் பிள்ளை காஞ்சியிலும் ஒரு பருவம் படித்தால் என்ன குறைந்துவிடும்? கல்லூரியில் மதிப்பெண் அலகுகளைச் சேர்த்து வைத்து வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள 2021இலேயே வங்கி ஏற்படுத்தியாயிற்று. பள்ளிக்கு மட்டும் ஏன் கதவு சாத்தியிருக்க வேண்டும்?

தாமல் வீட்டுக்குத் திரும்புகிறேன். மதியம் சாப்பிட்டானதும் வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்து, "வெளிநாட்டுப் பொண்ணு தங்குதே, ஸ்டேஷன்ல சொல்லணுமாங்க? ஏதாவது வம்பாயிடுமா?" என்று கேட்டார். முகத்தில் உண்மையான பயம். வெளிநாட்டவர் யார் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும், கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம், சென்னைக் குடும்பம் முதல் நாளே செய்துவிட்டது என்று விளக்கினேன். அப்போதுதான் அவர் மூச்சு விட்டார். மூன்று நாளாக அந்தப் பயத்தோடுதான் அவர் சிரித்துச் சிரித்து உபசரித்திருக்கிறார். ஒரு பக்கத் தமிழ் விளக்கம் அந்தப் பரிமாற்ற அமைப்பு கொடுத்திருந்தால் இந்தப் பயம் இருந்திருக்காது. விருந்து வைக்கிற ஏழைக் குடும்பத்துக்காகவும் யாராவது பேச வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

அன்று மாலை பாவு பிணைத்துக்கொண்டிருந்தார் பாட்டி. ஒரு பாவு ஓடி முடிந்து மூன்று புடவை இறங்கியாயிற்று. தறியில் மிஞ்சிய பழைய இழை நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு. அடுத்தது. அடுத்தது. ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று விட்டால் நெய்யும்போது அந்த இடத்தில் கீறல் விழும், புடவையின் முழு நீளத்துக்கும் தெரியும். இத்தாலிப் பெண்ணும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டி நிமிராமலே, "விட்ட இடத்துல இருந்துதான் பிணைக்கணும். மொதல்ல இருந்து யாரு நெய்வா?" என்றார். அவர் தறியைப் பற்றித்தான் சொன்னார்.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி ஒரு தாளைக் காட்டினாள். வெளி மாநிலத்தில் பன்னிரண்டு நாள் நடக்கிற ஓர் இளைஞர் முகாமுக்கு அவள் பெயர் தேர்வாகியிருக்கிறது. அந்த நாட்களுக்குள்தான் செய்முறைத் தேர்வுக்கான பயிற்சியும் ஒரு திருப்புதல் தேர்வும் வருகின்றன. தலைமை ஆசிரியர் நல்லவர், தட்டிக்கழிக்கவில்லை. "எனக்கு அதிகாரம் இல்லம்மா, மேலேயிருந்து எழுத்து வந்தா நானே சந்தோஷமா அனுப்புவேன்" என்றிருக்கிறார். மேலே யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இத்தாலிப் பெண்ணைப் பார்த்ததும் முதல் கேள்வியாக அதைக் கேட்டிருக்கிறாள்.

திண்ணையில் உட்கார்ந்து அவளையே மனு எழுதச் சொன்னேன். முகாம் நாட்களை வருகையாகக் கொள்ள வேண்டும், விட்டுப்போன தேர்வைத் திரும்பி வந்த வாரத்தில் எழுத அனுமதிக்க வேண்டும், இது தனக்கு மட்டும் இல்லாமல் மாவட்டத்தில் இப்படித் தேர்வாகிற எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உத்தரவாக வர வேண்டும். மூன்று கோரிக்கை, ஒரே பக்கம். மூன்றாவதை நான் சொல்லவில்லை, அவளே சேர்த்தாள். அவள் வகுப்பில் இன்னொரு பையனும் கபடிக்குப் போய்விட்டு வந்து இதே பாடு படுகிறானாம்.

இம்மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த மனுவைக் கொடுக்கிறோம். ஒரு நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. முகாமுக்கும் போட்டிக்கும் போய்வந்து வருகைப்பதிவை இழந்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், தேதியையும் நடந்ததையும் ஒரு கார்டில் எழுதி நம் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், மனுவோடு இணைத்துவிடுகிறோம். நேரில் வர முடிந்தவர்கள் வாருங்கள். அவள் அப்பா அன்றைக்குத் தறியை அரை நாள் நிறுத்திவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்